காப்புக் கயிறும் நாகப்பட்டினம் கப்பலும்

பிரஜோத்பத்தி வருஷம், மார்கழி 25, சனி

இந்த நோட்டில் இனி வரப்போவது எவரும் நம்பாத கதை என்று தண்ணீர்மலை முருகன் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். கதை இன்னும் நடக்கவில்லை. அதனால் என்ன? மெய்யநாதன் என்கிற எனக்கு நடப்பதெல்லாம் நம்ப முடியாதபடிதான் நடக்கும். பெயரிலேயே மெய்யை வைத்துவிட்டார்கள், வாயில் வைக்க மிச்சமில்லை என்பாள் ஊரிலிருக்கும் என் பெண்டாட்டி பொன்னம்மை.

அவளைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. தை எட்டாம் தேதி நாகப்பட்டினத்துக்குக் கப்பல். டிக்கெட் எடுத்தாயிற்று. இன்று தகரப் பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். உள்ளே கன்றுக்குட்டி பருமனுக்கு ஒரு கரப்பான் பூச்சி. அதை வெளியே இழுக்கக் கிட்டங்கியில் குடியிருக்கும் செட்டிமார் அத்தனை பேரும் வடம் பிடிக்க வேண்டியதாயிற்று.

“கட்டைவிரல் அளவுதான் அம்மான்” என்கிறான் நாச்சியப்பன். என் அக்காள் மகன். நான் ஊருக்குப் போனதும் கடைப் பொறுப்பு முழுவதும் அவனுக்குத்தான். கற்பனை என்பது துளியும் கிடையாது. கடை பிழைத்துக்கொள்ளும்.

மார்கழி 27, திங்கள்

நிவாரணக் கமிட்டி கூடியது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனதிலிருந்து தோட்டங்களில் ஆளைக் கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். கழித்த ஆட்களெல்லாம் கப்பலைப் பார்த்துக்கொண்டு பினாங்குக் கடற்கரையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கடலோர டிப்போவில் அடைத்திருக்கிறது சர்க்கார். அரிசி நம் கமிட்டியுடையது. அண்டாவுக்கு அதிபதி அடியேன். அந்த அண்டாவில் யானை குளிக்கும். சென்ற வாரம் ஒன்று குளித்தது.

இன்றைக்கு டிப்போ துரையிடமிருந்து புதுக் கட்டளை. ஊருக்குத் திரும்பச் சம்மதித்துக் கைநாட்டு வைத்தவனுக்கு மட்டும்தான் சோறு. வைக்காதவனுக்கு இல்லை. சும்மா போட்டால் பேராக்கிலும் கெடாவிலும் வேலையில்லாதவன் எல்லாம் இங்கே வந்துவிடுவானாம்.

பேச்சுக்கு வாலாக மலாய் ‘லா’ ஒட்டும் அரிசிக் கடை சிக்கந்தர் ராவுத்தருக்குப் பொறுக்கவில்லை. “பசிச்சவன்கிட்ட வாங்குற கைநாட்டு ஒரு சம்மதமா செட்டியாரே? நாலு வேளை பட்டினி போடுங்க, நானே என் கடையை எழுதிக் குடுத்துடுவேன் லா.”

தலைவர் தேனப்ப அண்ணன் விபூதிச் சம்புடத்தைத் திறந்து நெற்றியில் பூசிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். வியாபாரத்தில் இவர் எப்படி நிலைத்தார் என்பது பினாங்கின் அதிசயங்களில் ஒன்று. பூசி முடித்துச் சொன்னார்:

“நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை ராவுத்தரே. துரை டிப்போக் கதவைச் சாத்திப்புட்டா உள்ளே ஒரு பருக்கை போகாது. கதவு திறந்திருக்கணும்னா நாம தலையாட்டித்தான் ஆகணும்.”

ஆட்டினோம். நானும் ஆட்டினேன். எனக்கென்ன, பத்து நாளில் கப்பல்.

மார்கழி 28, செவ்வாய்

டிப்போவில் ஒரு பெண்பிள்ளை இலையைத் தொடவில்லை. நான் வடித்த சோற்றை வேண்டாமென்று ஒருத்தி! தேவலோகத்திலிருந்து என் சோற்றுக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். போய் உட்கார்ந்தேன். பெயர் வடிவம்மாள். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவள்.

“ஏன் ஆத்தா, உப்பு இல்லையா?”

“உப்பு இருக்குங்க. நேத்துப் பசியில விரலை வச்சுட்டேன். என்னத்துக்குன்னு யாரும் சொல்லலை. இப்பத்தான் சொல்றாங்க, கப்பலாம்.”

அவள் புருஷன் அர்ஜுனன் வேலை தேடித் தீவுக்கு எதிர்க்கரைத் தோட்டங்களுக்குப் போயிருக்கிறான். எங்கே என்று அவனுக்கே தெரியாது. போகும்போது சொன்னானாம்: “எங்கே சுத்தினாலும் தைப்பூசத்தன்னிக்குத் தண்ணீர்மலைக் கோயில் வாசலுக்கு வந்துடுவேன். நீ அங்க நில்லு.” பூசம் தை பத்தில். கப்பல் தை எட்டில்.

“நாகப்பட்டினத்தில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“நான் பொறந்ததே இந்தத் தோட்டத்துலதாங்க. நாகப்பட்டினம் எந்தப் பக்கம்னே தெரியாது. எல்லாரும் ஊருக்குப் போறே, ஊருக்குப் போறேங்கிறாங்க. எந்த ஊருக்குங்க?”

எழுந்து அண்டாவைத் தேய்க்கப் போய்விட்டேன்.  இந்த நாட்டுக் கதவு இப்போது ஒருபக்கம்தான் திறக்கிறது. போனால் திரும்ப இறங்க விடுவது சந்தேகம். அவன் பூசத்தன்று வந்து வாசலில் நிற்பான். அவள் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்பாள்.

மார்கழி 29, புதன்

துரையைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் வரும். பரீட்சைக்குப் படித்த தமிழ். “கைச்சாத்து இட்டவள் செல்ல வேண்டும். செல்ல விரும்பாவிடில் இன்றே வெளியேறலாம். வெளியே உணவின்றித் திரிவோரைக் காவலர் பிடிப்பர். அதன்பின் அதே கப்பல்.” கெட்டவர் இல்லை. பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

தேனப்ப அண்ணனிடம் சொன்னேன். “ஒருத்திக்காக முரண்டு பிடிச்சா எல்லாருக்கும் அண்டாவைக் கவுத்துடுவாங்க மெய்யநாதா. நீ ஊருக்குப் போறவன். எப்பவும் போல சிரிக்க வச்சுட்டுப் போய்ச் சேர்.”

சிரிக்க வைக்கத்தான் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

தை 1, வியாழன்

டிப்போவில் பொங்கல். என் அண்டா பொங்கிய பொங்கலில் வாசலில் பலகாரம் விற்கும் மலாய்க்காரி காமாரியாவின் கூடை மிதந்தது. அவள் அதையும் மறுக்கிறாள். “செட்டி பொய் சொன்னா மீனே சிரிக்கும் லா” என்கிறாள்.

வடிவம்மாள் இன்று சாப்பிட்டாள். “விரலை வச்சாச்சு. இனிமே பட்டினி கிடந்து என்னங்க?” என்றாள். சாப்பிடாமலிருந்ததைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தை 2, வெள்ளி

அகப்பட்டது! அகப்பட்டது!

காலையில் கோயிலுக்குப் போனேன். பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்களுக்குப் பண்டாரம் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆள், கெடாவில் அவசர ஜோலி இருக்கிறது, நாளை போய்விட்டு வரலாமா என்று கேட்டான். பண்டாரம் கயிற்றைப் பாதியில் நிறுத்திவிட்டார். “காப்புக் கட்டினா திருவிழா முடியிற மட்டும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. போறதானா கட்டாதே.”

எல்லை தாண்டக் கூடாது.

கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் குழந்தை நாளிலிருந்து அறிந்த விதிதான். நம் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் கல்யாணத்துக்கும் போகமாட்டார்கள், துக்கத்துக்கும் போகமாட்டார்கள். சர்க்காருக்கு எல்லை உண்டென்றால் முருகனுக்கும் ஒன்று உண்டு. சாமி விஷயத்தில் கைவைக்க எந்தத் துரைக்கும் பயம். தை பத்து வரைக்கும் அவள் காலைப் பினாங்கில் ஊன்றி வைக்க இந்தக் கயிறு போதும்.

மெய்யநாதா, நீ மந்திரியாகியிருக்க வேண்டியவன்.

தை 3, சனி

டிப்போவுக்குப் பண்டாரத்தையே அழைத்துப் போய்விட்டேன். அண்டாவுக்குப் பின்னால் வடிவம்மாளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். கையை நீட்டினாள். எலும்புக் கை.

அங்கேதான் முதல் வில்லங்கம். பண்டாரம் சொன்னார்: “சும்மா கட்ட மாட்டேன் செட்டியாரே. தலைக்கட்டா ஒரு பெரியவர் முதல்ல கட்டிக்கணும். அவர் முன்நின்றுதான் மத்தவங்களுக்கு. நீங்கதானே கூட்டியாந்தது?”

அவசரத்தில் என் கையை நீட்டிவிட்டேன். கட்டிவிட்டார். எனக்கு, அப்புறம் அவளுக்கு.

இரண்டாவது வில்லங்கம், பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பக்கத்துப் பாயில் இருந்தவள் கையை நீட்டினாள். அவளுக்கு அடுத்தவன். காரணம் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் ஒரு கண்ணுக்கு அங்கே லட்சம் கைகள் தெரிந்தன. மற்றக் கண்ணுக்கு அரைக் கொட்டகை. ஒரு கிழவர் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். “எனக்குக் கட்டிப்புடாதீங்க சாமி. நான் போவணும். என் மண்ணுல போய்ச் சாவணும்.” அவரைத் தள்ளி உட்காரவைத்தேன். போக வேண்டியவர் போகட்டும்.

கிட்டங்கிக்கு வந்து வெற்றியை முழங்கினேன். நாச்சியப்பன் என் மணிக்கட்டைப் பார்த்தான். கப்பல் டிக்கெட்டைப் பார்த்தான். திரும்ப மணிக்கட்டைப் பார்த்தான்.

“அம்மான், நீங்களும் அதே கப்பல்தானே?”

தை 4, ஞாயிறு

முட்டாள். மகா முட்டாள். மூவுலகிலும் இப்படி ஒருவன் தன் வலையில் தானே போய் விழுந்ததில்லை.

தை 6, செவ்வாய்

துரை வந்தார். கூடவே தேனப்ப அண்ணனையும் வரவழைத்திருந்தார். கொட்டகை முழுக்க மஞ்சள் மணிக்கட்டுகள்.

“இஃது என்ன?”

நான் முன்னால் போய்க் கைகட்டி நின்று கச்சேரியை ஆரம்பித்தேன். காப்புக் கட்டியவன் கடல் தாண்டினால் என்ன நடக்கும் என்று விளக்கினேன். என் பாட்டனார் காலத்தில் ஒரு கப்பல் அப்படி ஒருவனை ஏற்றிக்கொண்டு போனது, இன்னும் நிக்கோபார் பக்கத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கிறது, மாலுமிகளுக்குத் தாடி நங்கூரம் மாதிரி தொங்குகிறது. முந்தாநாள் முருகன் என் கனவில் மயிலோடு வந்து நின்று, கப்பல் கம்பெனியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதையெல்லாம் சொன்னேன். காமாரியா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

துரை என்னை விட்டுவிட்டார். தேனப்ப அண்ணன் பக்கம் திரும்பினார். “செட்டியாரே, நீர் பொய் உரையாதவர் என அறிவேன். இஃது உண்மையா?”

 அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் தலையாட்டி ஆட்டித்தானே இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். இப்போதும் துரை மனம்போல் பேசினால் எல்லாம் முடிந்தது.

“கப்பல் வட்டமடிக்கிறது பொய். கனவு பொய்யாத்தான் இருக்கும்” என்றார். “ஆனா காப்புக் கட்டினவங்க திருவிழா முடியாம எல்லை தாண்டக் கூடாது. அது சத்தியம். பலவந்தமா ஏத்தினா என் கோயில்ல எந்தச் செட்டியும் பூசத்து வெள்ளித் தேருக்கு முன்னால நிக்க மாட்டான். நானும் நிக்க மாட்டேன்.”

துரை கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த முறை கண்ணைப் பார்த்தார்.

“உமது பெயரும் அக்கப்பலில் உள்ளதே. நீர் ஏறுவீரா?”

கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினேன். “ஏற மாட்டேன்.”

“நீர் இதனை மெய்யாகவே நம்புகிறீரா?”

“நம்புகிறேன்” என்றேன். தெய்வமே, எவ்வளவு சுலபமாக வந்தது.

“பூசம் முடியும் மட்டும் இவர்கள் தங்கலாம்” என்றார் துரை. “ஆயினும் சர்க்கார் கொட்டகையில் இவர்களுக்கு உணவு இல்லை. விதி விதியே.”

“வேண்டாம்” என்றார் தேனப்ப அண்ணன். “காப்புக் கட்டினவங்களுக்குக் கோயில்தான் சோறு போடணும். அங்கே நாங்க யார்கிட்டயும் விரலைக் கேட்கிறதில்லை.”

அண்டாவை வண்டியில் ஏற்றினோம். சிக்கந்தர் ராவுத்தர் தாமாகவே வந்து ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். வண்டி நகர்ந்ததும் அண்ணன் என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னார்: “தாடி நங்கூரம் மாதிரியா? கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா நீ?”

தை 8, வியாழன்

கப்பல் போய்விட்டது. நான் போகவில்லை. எழுத ஒன்றுமில்லை.

தை 9, வெள்ளி

வெள்ளித் தேர் புறப்பட்டது. மலை மலையாகத் தேங்காய் உடைத்தார்கள். இளநீர் கடலில் கலந்து, இனிமேல் பினாங்கில் பிடிக்கிற மீனெல்லாம் பாயசம் மாதிரி இருக்கப்போகிறது. தண்ணீர்மலைவரை மாடுகள் இழுத்தன, தேர் போயிற்று, கூட்டம் போயிற்று. வடிவம்மாள் வழி முழுக்க ஆண்பிள்ளைகளின் முகங்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

“சுருட்டை முடிங்க. நெத்தி வரைக்கும் விழும். கூட்டத்துல தெரிஞ்சுடும்.”

வரவில்லை. நாளைதானே பூசம் என்றேன்.

தை 10, சனி. பூசம்

பொழுது விடியும் முன்பே நம் செட்டியார் கோயில் வாசலில் பினாங்குக் கோயில்களை அறியாத அவளை நிறுத்திவிட்டேன். உச்சிவேளை ஆயிற்று. அவன் இல்லை. காவடிகள் வந்தன, போயின. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறாள், கண் மட்டும் கூட்டத்திலிருந்து திரும்பவில்லை. எனக்கு ஜுரம் வந்தது. பொய்யாகச் சொல்லவில்லை, உள்ளங்கை கொதித்தது. இவன் வரவில்லை என்றால்? நான் செய்ததெல்லாம் அடுத்த கப்பல் வரை நீட்டி வைத்த ஒரு சித்திரவதைதானே?

பிற்பகலில் நாச்சியப்பன் வந்தான். கற்பனை இல்லாத என் மருமகன் கேட்டான்:

“அம்மான், அந்த ஆள் எந்தக் கோயில் வாசல்னு சொன்னான்?”

“தண்ணீர்மலைக் கோயில் வாசல்.”

“தோட்டத்து ஆளுங்களுக்குத் தண்ணீர்மலைக் கோயில்னா குன்று மேல இருக்குறதுதானே. இது செட்டியார் கோயில்னுதானே அவங்க சொல்லுவாங்க?”

அடப்பாவி. நமக்குக் கோயில் என்றால் நம் கோயில்தான், வேறொன்று இருப்பதே ஞாபகம் வராது. இத்தனை வருஷம் பினாங்கில் இருந்தும்.

குன்றுப் படிகளில் நான் ஏறிய வேகத்தில் மயில்கள் பின்தங்கின. மேலே வாசலில் கூட்டம். சுருட்டை முடியைத் தேடினேன். இந்தப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் போனேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஒருவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு தடவை அவன் காலை மிதித்துவிட்டேன். மூன்றாவது தடவை காலை இழுத்துக்கொண்டு கேட்டான்:

“யாரைத் தேடுறீங்க செட்டியாரே?”

“சுருட்டை முடிக்காரன் ஒருத்தனை. அர்ஜுனன்னு பேர்.”

“நேத்து வரைக்கும் அது நான்தாங்க” என்றான். “முருகனுக்குக் குடுத்துட்டேன். ஏன், வடிவுக்கு என்னாச்சு?”

முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். அவள் வராததால் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டான். “கீழே செட்டியார் கோயில் வாசல்ல நிக்கிறாள். நின்னுக்கிட்டே இருக்கிறாள்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த நிமிஷம் அவன் படிகளில் இல்லை.

நான் மெதுவாக இறங்கினேன். அவசரம் எதுவும் மிச்சமில்லை. கீழே வந்தபோது அவள் அவன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதைச் சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா” என்று திட்டிக்கொண்டிருந்தாள். புக்கிட் தெங்கா பக்கத்தில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் தென்னந்தோப்பில் வேலை கிடைத்திருக்கிறது. தங்கக் குடிசை உண்டு. பெண்டாட்டியோடு வா என்று சொன்னாராம்.

ஒரு வாரம் கழித்து மூச்சு விட்டேன். அந்தக் காற்றில் கோயில் கொடி ஆடியது.

தை 20, செவ்வாய்

காப்புகளை அவிழ்த்து மலையடி ஓடையில் விட்டாயிற்று. சிலருக்கு சிக்கந்தர் ராவுத்தர் அரிசிக் கிடங்குகளில் வேலை பிடித்துக் கொடுத்தார். சிலர் யோசித்து, அடுத்த கப்பலில் தாங்களாகவே போகிறேன் என்றார்கள். சிலருக்கு இன்னும் ஒன்றும் இல்லை. சோறு மட்டும் உண்டு.

டிப்போவில் இனி எவரும் கயிறு கட்டக் கூடாதென்று துரை உத்தரவு போட்டிருக்கிறார். கமிட்டியில் அதைப் படித்தார்கள். தேனப்ப அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “கயிறுதானே கூடாதுன்னிருக்கு. அண்டா கோயில்லயே இருக்கட்டும்.” பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்.

நேற்று வடிவம்மாள் புக்கிட் தெங்காவிலிருந்து தேங்காய் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றும் பூசணி பருமன். நாச்சியப்பன் பார்த்தான், மறுக்கவில்லை. தேறிவிடுவான்.

எனக்கு மாசிக் கப்பலில் டிக்கெட். பொன்னம்மையிடம் எல்லாவற்றையும் சொல்வேன், ஒரு வார்த்தை நம்பமாட்டாள். நியாயம்தான். கரப்பான் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. யானை குளிக்கவில்லை. நிக்கோபாரில் எந்தக் கப்பலும் சுற்றவில்லை, முருகன் என் கனவில் வந்ததே கிடையாது.

ஒன்று மட்டும் எழுதாமல் விட்டேன், சின்னது. எட்டாம் தேதி காலையில் கப்பல் சங்கு ஊதியபோது நாச்சியப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். “துரைதான் ஒத்துக்கிட்டாரே அம்மான். இனி உங்க கயிறு யாருக்குத் தேவை? அறுத்துட்டு ஏறுங்க. அயித்தை காத்திருப்பாங்க” என்று கத்தரியையும் நீட்டினான். வாங்கினேன். அவன் சொன்னதில் தப்பில்லை. கயிற்றுக்கு அடியில் கத்தரியைக் கொடுத்தும் பார்த்தேன்.

கத்தரியை மூடக் கை வரவில்லை. துரையிடம் சொன்னதில், ‘நம்புகிறேன்’ என்ற அது ஒன்றுதான் நிஜம்.